வில்லனே இல்லாத படம்... ஆனாலும் 80 வருடமாகச் சண்டை ஓயவில்லை!

'பழசு... ஆனா புதுசு' வரிசையில் இந்த வாரம்: 'கோயிங் மை வே' (1944)

1945 மார்ச் 15-ம் தேதி இரவு. ஹாலிவுட்டின் கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டரில் ஆஸ்கர் விழா. இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியவில்லை. உலோகத் தட்டுப்பாட்டால் ஆஸ்கர் சிலையையே ப்ளாஸ்டரில் வார்த்து, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்த காலம் அது.

சிறந்த படத்துக்கான போட்டியில் ஐந்து படங்கள். அதில் ஒன்று, பில்லி வைல்டர் இயக்கிய 'டபுள் இன்டெம்னிட்டி'. கணவனைக் கொன்றுவிட்டு இன்ஷூரன்ஸ் பணத்தைச் சுருட்டத் திட்டமிடும் மனைவி, அவளுக்கு உடந்தையாக ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று போகும் க்ரைம் த்ரில்லர். இன்னொன்று, லியோ மெக்கேரி இயக்கிய 'கோயிங் மை வே'. கடனில் தத்தளிக்கும் ஒரு தேவாலயம், அங்கே ஒரு வயதான பாதிரியார், ஒரு இளம் பாதிரியார், நடுநடுவே பாட்டு. அவ்வளவுதான் கதை!

த்ரில்லருக்கு 7 பரிந்துரைகள். கிடைத்த விருது ஒன்றுகூட இல்லை. பாதிரியார் படத்துக்கு 10 பரிந்துரைகள். சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் என 7 விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. விருது வாங்க மேடைக்குப் போன மெக்கேரியை, வழியில் காலை நீட்டித் தடுக்கிவிட்டார் வைல்டர் என்று ஹாலிவுட்டில் ஒரு கதை இன்றும் உலவுகிறது.

அன்று தொடங்கிய சண்டைதான். "இதற்கெல்லாமா ஆஸ்கர்?" என்று ஒரு கூட்டமும், "க்ளைமாக்ஸில் அழாமல் இருந்து காட்டுங்கள் பார்க்கலாம்" என்று இன்னொரு கூட்டமும் இன்றுவரை மல்லுக்கட்டுகின்றன. இரண்டு தரப்பும் என்ன சொல்கிறது? யார் பக்கம் நியாயம் இருக்கிறது?

(உஷார்: படத்தின் முடிவு வரை இங்கே பேசப்படுகிறது. முடிவு தெரியாமல் படம் பார்க்க நினைப்பவர்கள், பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்!)

கதை இதுதான்

நியூயார்க்கில், ஏழைகள் வசிக்கும் பகுதியில் செயின்ட் டொமினிக் தேவாலயம். அங்கே 45 வருடங்களாகப் பங்குத்தந்தையாக இருப்பவர் ஃபாதர் ஃபிட்ஸ்கிப்பன். அயர்லாந்திலிருந்து வந்தவர். தேவாலயத்தின் மேல் அடமானக் கடன். கடன் கொடுத்த நிறுவனத்தின் முதலாளி ஹெய்ன்ஸ், பணம் கேட்டு வாசலுக்கே வந்து நிற்கிறார். பெரியவருக்கோ கணக்கு வழக்கு பிடிபடுவதில்லை.

அந்த நேரத்தில் உதவிப் பங்குத்தந்தையாக வந்து சேர்கிறார் இளம் பாதிரியார் சக் ஓமேலி. வைக்கோல் தொப்பி வைத்துக்கொண்டு வருகிறார். வந்த முதல் நாளே தெருப் பையன்களின் பந்து விவகாரத்தில் மாட்டிக்கொள்கிறார். தெருவைக் கழுவும் வண்டி அவரைத் தொப்பலாக நனைத்துவிடுகிறது. மாற்று உடை இல்லாமல் பேஸ்பால் டீமின் பெயர் போட்ட ஸ்வெட்ஷர்ட்டோடு பெரியவர் முன்னால் போய் நிற்கிறார். பெரியவரின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே!

பார்வையாளர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் உண்டு. ஓமேலி உண்மையில் உதவியாளராக வரவில்லை. இனி பங்கின் பொறுப்பே அவருடையதுதான். பிஷப் அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். பெரியவரின் மனம் நோகக் கூடாது என்பதால் அந்த விஷயத்தை அவரிடம் மறைத்து, பவ்யமாக உதவியாளர் வேடம் போடுகிறார் ஓமேலி.

இதற்குள் வான்கோழி திருடும் பையன்களைச் சேர்த்துப் பாடகர் குழு அமைக்கிறார். வீட்டைவிட்டு வந்த பெண் ஒருத்திக்கு வழி காட்டுகிறார். தன் முன்னாள் காதலியும் இந்நாள் ஓபரா பாடகியுமான ஜெனியைச் சந்திக்கிறார். பாட்டு விற்றுக் கடனை அடைக்க வழி பிறக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று மூச்சு விடும்போது தேவாலயம் தீப்பிடித்து எரிகிறது. கடைசியில் கிறிஸ்துமஸ் முன்னிரவில் ஒரு சந்திப்பு. படம் முடிகிறது.

"சர்க்கரை தூக்கல்!"

பிடிக்காதவர்களின் முதல் புகார் இதுதான். படத்தில் கெட்டவர் என்று ஒருவரும் கிடையாது. கறாராகக் கடன் வசூலிக்க வந்த ஹெய்ன்ஸ்கூடக் கடைசியில் மனம் மாறிவிடுகிறார். தெருவில் திரிந்த பையன்கள் நாலே பாட்டில் தேவதைகளாகிவிடுகிறார்கள். ஓமேலி எதைத் தொட்டாலும் துலங்குகிறது. அவருக்குக் கோபம் வருவதில்லை, குழப்பம் வருவதில்லை, தப்பே நடப்பதில்லை. இப்படி ஒரு ஹீரோவைப் பார்த்து எப்படிக் கவலைப்படுவது?

இரண்டாவது புகார், நீளம். படம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. ஜெனி மேடையில் 'கார்மென்' ஓபராவின் பாடலைப் பாடும் காட்சி, கதையை அப்படியே நிறுத்தி வைத்துவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். அந்த வேடத்தில் நடித்த ரீஸ் ஸ்டீவன்ஸ் நிஜமாகவே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் நட்சத்திரப் பாடகி. அவரைக் கூப்பிட்டுவிட்டுப் பாட வைக்காமல் அனுப்ப முடியுமா என்பது எதிர்த்தரப்பின் சமாதானம். சமாதானம் சரிதான், ஆனாலும் காட்சி நீளம்தான்.

மூன்றாவது புகார், வீட்டைவிட்டு வந்த கேரல் கதை. பாடகியாக வேண்டும் என்ற ஆசையில் வந்த 18 வயதுப் பெண். அவளுக்கும் ஹெய்ன்ஸின் மகனுக்கும் காதல். ஃபாதர் வருகிறார், பியானோவில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுகிறார், இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அந்தப் பெண்ணின் பாட்டுக் கனவு என்ன ஆயிற்று என்று படம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைய இளம் பார்வையாளர்களை உறுத்துவது இந்தப் பகுதிதான். அவர்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் 'சர்க்கரை' புகாரைப் படமே தன் மேல் சொல்லிக்கொள்கிறது! ஓமேலி எழுதிய 'கோயிங் மை வே' என்ற பாட்டை இசை வெளியீட்டாளரிடம் பாடிக் காட்டுவார்கள். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த மாதிரி உருக்கமெல்லாம் இப்போது விலை போகாது என்று அவர் கைவிரித்துவிடுவார். சரி, வந்ததுதான் வந்தோம் என்று பையன்கள் ஒரு குறும்புப் பாட்டைப் பாட, அது அவர் காதில் விழும். உடனே அதை வாங்கிக்கொள்வார். அந்தப் பணம் ஞாயிற்றுக்கிழமை காணிக்கையில் வந்து விழும்படி ஏற்பாடு செய்வார்கள். மக்கள்தான் அள்ளிக் கொடுத்தார்கள் என்று பெரியவர் பூரித்துப்போவார். அவர் சந்தோஷத்தை யாரும் கலைக்க மாட்டார்கள்.

அந்தக் குறும்புப் பாட்டு பிறந்த கதை

'ஸ்விங்கிங் ஆன் எ ஸ்டார்' என்ற அந்தப் பாட்டுக்குத்தான் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர். இசை ஜிம்மி வான் ஹியூசன், வரிகள் ஜானி பர்க்.

ஓமேலியாக நடித்த பிங் க்ராஸ்பியின் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிடப் போயிருந்தாராம் பர்க். அங்கே க்ராஸ்பியின் மகன்களில் ஒருவன், 'ஸ்கூலுக்குப் போக மாட்டேன்' என்று அடம்பிடித்திருக்கிறான். 'அப்படியென்றால் நீ வளர்ந்து கோவேறு கழுதையாகத்தான் ஆவாய்' என்று அப்பா மிரட்டியிருக்கிறார். பர்க்குக்குப் பொறி தட்டிவிட்டது. நல்ல பிள்ளையாக உயரே போகிறாயா, இல்லை கழுதையாக, பன்றியாக, மீனாக இருக்கிறாயா என்று கேட்டுக் கேட்டுப் போகும் பாட்டு அப்படித்தான் பிறந்தது என்பார்கள். 'வீட்டுக்கு வீடு வாசப்படி' என்பது ஹாலிவுட்டுக்கும் பொருந்தும்போல!

படத்தில் இந்தப் பாட்டுக்குக் குரல் கொடுப்பது ராபர்ட் மிட்செல் சிறுவர் பாடகர் குழு. படத்தின் மற்ற பகுதிகளைக் குறை சொல்பவர்கள்கூட, இந்தப் பாட்டு வரும்போது காலால் தாளம் போடுவதை ஒப்புக்கொள்கிறார்கள்.

போரே இல்லாத போர்க்காலப் படமா?

அடுத்த கேள்வி கொஞ்சம் கனமானது. 1944-ல் உலகமே பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஒரு கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் ராணுவச் சீருடையில் இருந்தார்கள். படம் நியூயார்க்கில் வெளியானது மே மாதத் தொடக்கத்தில். ஜூன் 6-ம் தேதி நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. இப்படிப்பட்ட நேரத்தில் பாட்டுப் பாடும் பாதிரியார் கதை தேவையா? நிஜத்தைப் பார்க்க மறுத்து ஓடி ஒளிகிற படமில்லையா இது?

படத்தில் போர் எட்டிப்பார்ப்பது ஏறக்குறைய ஒரே ஓர் இடத்தில்தான். மகன் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டான் என்று தெரிந்து, கத்தித் தீர்த்துவிடும் கோபத்தோடு அவன் வீட்டுக்கு வருவார் ஹெய்ன்ஸ். மகன் விமானப்படைச் சீருடையில் வந்து நிற்பான். அப்பாவின் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிடும். போகப்போகிற பிள்ளையிடம் என்ன சண்டை?

போரைப் பற்றி அதற்கு மேல் பேச்சே இல்லை. ஆனால் அன்று தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மகன் பசிபிக்கில் எந்தத் தீவில் இருக்கிறான் என்று தெரியாத தாய்மார்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால், 45 வருடமாகத் தாயைப் பார்க்காத ஒரு மகனின் கதையைக் கொண்டுவந்து வைத்தார் மெக்கேரி. பிரிவு, காத்திருப்பு, 'திரும்பப் பார்ப்போமா' என்ற கேள்வி. அன்றைய பார்வையாளர்களுக்குப் போர் என்றால் குண்டும் பீரங்கியும் மட்டும் அல்ல, இதுவும்தான்.

அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வருவதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில் படத்தின் பிரதிகள் போர்முனைகளுக்கு அனுப்பப்பட்டு, வீரர்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டன. வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்த பையன்கள், அந்தக் க்ளைமாக்ஸை எப்படிப் பார்த்திருப்பார்கள்? 1944-ல் அமெரிக்காவில் அதிகம் வசூலித்த படம் இதுதான் என்பதில் ஆச்சர்யம் ஏதும் இல்லை.

யாருடைய படம் இது?

இரண்டு தரப்பும் ஒன்றையே பார்த்துவிட்டு ஏன் இவ்வளவு எதிரெதிராகப் பேசுகின்றன? கொஞ்சம் கவனித்தால் ஒன்று புலப்படும். 'வெறும் சர்க்கரை' என்பவர்கள் பேசுவதெல்லாம் ஓமேலியைப் பற்றி. உருகியவர்கள் பேசுவதெல்லாம் பெரியவர் ஃபிட்ஸ்கிப்பனைப் பற்றி.

ஓமேலியாக நடித்த பிங் க்ராஸ்பி, அன்றைய அமெரிக்காவின் முதல் தரப் பாடகர். மைக்கை நெருங்கி, காதோடு பேசுவதுபோலப் பாடும் பாணிக்குப் பேர்போனவர். 1942-ல் அவர் பாடிய 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டு வீரர்களின் வீட்டு ஏக்கத்துக்கே பாட்டாகிப்போனது. இந்தப் படத்திலும் அலட்டிக்கொள்ளாமல் வந்து போகிறார். அவருக்குத்தான் சிறந்த நடிகர் விருது.

ஆனால், படத்தின் உயிர் பேரி ஃபிட்ஸ்ஜெரால்டிடம்தான் இருக்கிறது. டப்ளினில் பிறந்தவர். அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே புகழ்பெற்ற அபே தியேட்டரில் நாடகம் நடித்தவர். கத்தோலிக்கப் பாதிரியாராக வாழ்ந்து காட்டிய அவர், நிஜத்தில் புராட்டஸ்டன்ட் குடும்பத்தைச் சேர்ந்தவர்! தள்ளாத கிழவராகத் தெரிகிறாரே, அப்போது அவருக்கு 56 வயதுதான். இந்த ஒரே வேடத்துக்காகச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் என்று இரண்டு பிரிவிலும் பரிந்துரைக்கப்பட்டார். துணை நடிகர் விருது கிடைத்தது. இனி ஒரே நடிப்புக்கு இரண்டு பிரிவில் பரிந்துரை கூடாது என்று பிறகு விதியையே மாற்றினார்கள். வாங்கிய ப்ளாஸ்டர் சிலையின் தலையை, வீட்டில் கோல்ஃப் பயிற்சி செய்யும்போது மட்டை பட்டு அவரே உடைத்துவிட்டார் என்பது தனி காமெடி. படத்தில் அவரைக் கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துப்போகும் காட்சியைப் பார்க்கும்போது இது ஞாபகம் வந்து சிரிப்பு வரும்.

பெரியவரின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இந்தப் படம் இனிக்கவே இனிக்காது.

45 வருடம் ஓர் இடத்தைக் கட்டிக் காத்த மனிதர். ஒருநாள் ஒரு சின்னப் பையன் வருகிறான். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறான். தெருப் பையன்களுக்கு அவனைப் பிடிக்கிறது. தான் கண்டிப்போடு செய்ததை அவன் பாட்டுப் பாடிச் செய்கிறான். 'இவன் வேண்டாம், வேறு எங்காவது மாற்றிவிடுங்கள்' என்று கேட்கப் பெரியவர் பிஷப்பிடம் போகிறார். அங்கே பேச்சுப் பேச்சாக இருக்கும்போது அவருக்கு மெல்லப் புரிகிறது. மாற்றப்பட்டது தான்தான். அதுவும் எப்போதோ!

அந்த நொடியில் அவர் என்ன செய்கிறார் தெரியுமா? அழவில்லை, சண்டை போடவில்லை. கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, ஓமேலியையே பொறுப்பாளராக்கிவிடுங்கள் என்று தானே கேட்டுக்கொள்வதுபோலப் பேசிவிட்டு வருகிறார். மிச்சம் இருந்த மரியாதையைத் தானே காப்பாற்றிக்கொள்கிறார். அன்று இரவு கொட்டும் மழையில் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். நள்ளிரவில் ஒரு போலீஸ்காரர் கொண்டுவந்து விடுகிறார்.

கடையை மகனிடம் கொடுத்த அப்பா, சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்த அம்மா, ரிட்டயர் ஆன மறுநாள் தன் நாற்காலியில் வேறொருவரைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் அந்த மழைக் காட்சியைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. இதில் ஒரு சங்கடமான கேள்வியும் இருக்கிறது. பெரியவர் மனம் நோகக் கூடாது என்று ஓமேலி உண்மையை மறைத்தாரே, அதனால்தானே அவருக்கு வேறு இடத்தில், வேறு ஒருவர் வாயால் தெரிய வேண்டியதாயிற்று? அது நல்ல மனதா, அவமானமா? நேராகச் சொல்லியிருந்தால் வலி குறைந்திருக்குமா? இந்தக் கேள்விக்குப் படம் பதில் சொல்வதில்லை. ஓமேலி எதிலும் தப்பே செய்வதில்லை என்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

மெக்கேரிக்கு இந்த விஷயம் புதிதல்ல. லாரல்-ஹார்டியை ஜோடி சேர்த்துவிட்டவர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கிய காமெடிக்காரர்தான் அவர். ஆனால், 1937-லேயே 'மேக் வே ஃபார் டுமாரோ' என்று ஒரு படம் எடுத்தார். வீடு பறிபோன வயதான தம்பதியைப் பிள்ளைகள் ஆளுக்கு ஒருவராகப் பிரித்து அழைத்துப்போகும் கதை. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'க்கே தூண்டுதலாக இருந்த படம் அது. அதில் ஆறுதலே கிடையாது. படமும் ஓடவில்லை. ஏழு வருடம் கழித்து, அதே முதுமையின் வலியைப் பாட்டும் சிரிப்பும் கலந்து கொடுத்தார். கூட்டம் அலைமோதியது.

புத்தக அலமாரிக்குள் ஒரு தாலாட்டு

மழையில் நனைந்து வந்த பெரியவரைப் படுக்க வைக்கிறார் ஓமேலி. புத்தக அலமாரியில் ஒரு புத்தகத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் விஸ்கியை எடுக்கச் சொல்கிறார் பெரியவர். அது ஒரு இசைப் பெட்டிக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்தால் ஐரிஷ் தாலாட்டு ஒன்று ஒலிக்கும். அயர்லாந்திலிருந்து கிறிஸ்துமஸ்தோறும் அம்மா அனுப்பும் பரிசு. அம்மாவுக்கு இப்போது 90 வயதுக்கு மேல்.

ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பணம் சேர்ப்பாராம். கொஞ்சம் சேர்ந்ததும், அதைவிட அவசரமாகத் தேவைப்படுகிற யாராவது வந்து நிற்பார்களாம். அப்படியே 45 வருடம் ஓடிவிட்டது. கணக்கு வழக்கு தெரியாதவர் என்று எல்லோரும் சொன்ன மனிதரின் உண்மையான கணக்கு இதுதான். குவளை காலியாக, ஓமேலி மெல்லிய குரலில் அந்தத் தாலாட்டைப் பாட, பெரியவர் குழந்தையைப்போலத் தூங்கிப்போகிறார்.

படம் பிடிக்கவில்லை என்பவர்களில் பலர், 'அந்த ஒரு காட்சியைத் தவிர' என்று சேர்த்துக்கொள்வது இதற்குத்தான். ஒரு சின்னத் தகவல்: அயர்லாந்தின் பாட்டி வைத்தியம்போல எல்லோரும் நினைக்கும் அந்தத் தாலாட்டை எழுதியவர் ஜேம்ஸ் ராய்ஸ் ஷானன் என்ற அமெரிக்கர். எழுதிய வருடம் 1913.

இன்றைய கண்ணுக்குத் தெரிவது

இன்றைய பார்வையாளர்கள் சொல்லும் ஒரு விஷயத்தைத் தவிர்க்கவே முடியாது. பாதிரியாரும் சிறுவர்களும் சேர்ந்து பாடும் காட்சிகளை 1944-ல் பார்த்த அதே கண்ணோடு இன்று எல்லோராலும் பார்க்க முடிவதில்லை. 2002-ல் 'பாஸ்டன் குளோப்' பத்திரிகை, அந்த ஊர்ப் பாதிரியார்கள் சிலர் சிறுவர் சிறுமிகளிடம் நடந்துகொண்ட விதத்தையும், அதைத் திருச்சபை நிர்வாகம் மூடி மறைத்ததையும் வெளியே கொண்டுவந்தது. அந்தப் புலனாய்வைப் பற்றிய 'ஸ்பாட்லைட்' படத்துக்கு 2016-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஏறக்குறைய 71 வருட இடைவெளியில், அதே விருது, பாதிரியார்களைப் பற்றிய இப்படி இரண்டு படங்களுக்கு!

'இப்படி ஒரு ஃபாதர் எங்கள் சிறுவயதில் இருந்தார்' என்று நெகிழ்பவர்களும் இருக்கிறார்கள். 'இந்த மாதிரிப் படங்கள்தான் கேள்வியே கேட்காமல் நம்ப வைத்தன' என்று கோபப்படுபவர்களும் இருக்கிறார்கள். இருவருமே தங்கள் அனுபவத்திலிருந்து பேசுகிறார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து படம் பார்க்கும் பெற்றோர், யாராக இருந்தாலும் தப்பாக நடந்தால் வீட்டில் வந்து சொல்ல வேண்டும் என்ற பேச்சையும் சேர்த்தே எடுக்கலாம். அதனால் படம் கெட்டுப்போய்விடாது.

அந்தக் கடைசி ஐந்து நிமிடம்

கிறிஸ்துமஸ் முன்னிரவு. தேவாலயம் எரிந்துபோனதால் தற்காலிக இடத்தில் கூடியிருக்கிறார்கள். ஓமேலிக்கு வேறு பங்குக்கு மாற்றல் வந்துவிட்டது. பெரியவர் எல்லோர் முன்பும் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். கதவு திறக்கிறது. சின்னஞ்சிறு உருவமாக, கூன் விழுந்த ஒரு மூதாட்டி உள்ளே வருகிறார். பெரியவர் பார்க்கிறார். பையன்கள் அந்தத் தாலாட்டைப் பாடத் தொடங்குகிறார்கள். பாதிரியார் அங்கியில் இருக்கும் அந்தக் கிழவர், அம்மாவின் தோளில் சாய்கிறார்.

போர் நடக்கும்போது, 90 வயது மூதாட்டி அட்லாண்டிக்கைக் கடந்து எப்படி வந்தார் என்று லாஜிக் கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம்தான். அயர்லாந்து போரில் நடுநிலை வகித்தாலும், கடல் பாதுகாப்பாக இல்லை. ஆனால், அந்த வருடம் அந்தத் தியேட்டர்களில் இருந்தவர்கள் அதைத்தான் தினம் தினம் வேண்டிக்கொண்டிருந்தார்கள்: கடலுக்கு அப்பால் இருப்பவர் எப்படியாவது வந்து சேர வேண்டும்!

எல்லோரும் அந்தத் தாயையும் மகனையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓமேலி வெளியிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடந்துபோய்விடுகிறார். யாரிடமும் விடைபெறுவதில்லை. காதலியை விட்டார், பாட்டை விற்றார், பங்கையும் மீட்டுக் கொடுத்துவிட்டார். கையில் மிஞ்சியது அந்தப் பெட்டி மட்டும்தான். பெரியவர் அதே நாற்காலியில், மரியாதை குறையாமல் இருக்கிறார்.

யாரெல்லாம் பார்க்கலாம்?

விறுவிறுப்பு வேண்டும் என்பவர்கள் 'டபுள் இன்டெம்னிட்டி' பக்கம் போவது நல்லது. ஆஸ்கரை அதற்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொன்னாலும் தப்பில்லை. சினிமாவாக அதுதான் கூர்மை. 'கோயிங் மை வே'யில் நடுவில் அரை மணி நேரத்தை வெட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால், வீட்டில் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும் என்றால் இதை எடுக்கலாம். 2004-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்க வேண்டிய படமாக இதைச் சேர்த்தார்கள். பார்த்துப் பிடித்துவிட்டால், அடுத்த வருடமே க்ராஸ்பியும் இங்க்ரிட் பெர்க்மனும் சேர்ந்து நடித்த 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்' தொடர்ச்சியாக இருக்கிறது. அதே ஓமேலி, இந்த முறை கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடம்.

ஒரே ஒரு யோசனை. பையன்களின் பாட்டு வரும்போது குட்டீஸைக் கூப்பிடுங்கள். மழைக் காட்சி வரும்போது, பக்கத்தில் இருக்கும் தாத்தாவின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். படம் முடிந்ததும், ஓமேலி உண்மையை மறைத்தது சரியா தப்பா என்று அவரிடமே கேளுங்கள். உங்கள் வீட்டின் தீர்ப்பு என்ன என்பதைக் கமென்ட்டில் சொல்லுங்கள்.